சுல்தானா கண்ட நாடு

ஒரு கதையில் யார் ஆள வேண்டும், யார் அழ வேண்டும், யார் குதிரைமேல் வர வேண்டும், யார் சாளரத்தின் பின்னே நின்று பார்க்க வேண்டும் என்பனவற்றை எழுத்தாளரே முடிவு செய்வதாகத் தோன்றும். பெரும்பாலும் அவருக்கு முன்பே சமூகம் அவற்றை முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆடவர் துணிவுடையோர், பெண்டிர் அஞ்சுவோர். வெளியுலகம் ஆடவருக்கு உரியது, உள்வீடு பெண்டிருக்கு உரியது என்னும் அச்சுகளில் வார்க்கப்பட்ட பிறகே கதைமாந்தர் எழுத்தாளரின் கைக்கு வந்து சேர்கின்றனர். அந்த அச்சைக் கவிழ்த்துப் பார்க்கும் துணிவு எல்லார்க்கும் வருவதில்லை. வங்கத்தில் பிறந்த ரொக்கேயா சகாவத் ஹுசைனுக்கு அது வந்தது. ஆடவர் அனைவரும் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் அரசாளும் நாடு ஒன்றை 1905ஆம் ஆண்டில் அவர் படைத்தார். அக்கதையை எழுதியபோது அவரே திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர் என்பதுதான் நாம் கருத வேண்டிய செய்தி.

மூடிய கதவுகளுக்குள்

ரொக்கேயா 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பைராபந்து என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று வங்காளதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியைச் சார்ந்தது அவ்வூர். தந்தை பெருநிலக்கிழார், பல மொழிகள் அறிந்தவர். மைந்தர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பெறச் செய்தார். மகளிர்க்கோ திருமறையை ஓதக் கற்பிப்பதே போதும் என்பது அக்குடும்பத்தின் எண்ணம். வங்கமொழி பயில்வதுகூட உயர்குடி முஸ்லிம் பெண்களுக்குத் தகாது என்று கருதப்பட்ட காலம் அது.

ஐந்து வயது முதலே ரொக்கேயா பர்தா முறைக்கு உட்பட்டார். அயல் ஆடவர் முன் வரக்கூடாது என்பதோடு கட்டுப்பாடு நின்றுவிடவில்லை. வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாத பெண்களின் கண்ணிலும் அக்குழந்தை படக்கூடாது. யாரேனும் வந்துவிட்டால் யாரோ ஒருவர் கண்ணால் சைகை காட்டுவார். உடனே ஓடி ஒளிய வேண்டும். விருந்தினர் தங்கிய நாள்களில் மாடியறையில் பதுங்கிக் கிடந்ததைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். அதனை எழுதும்போது அவர் அழவில்லை. நகைப்புத் தோன்றவே எழுதுகிறார்; படிப்பவருக்குத்தான் நெஞ்சு கனக்கிறது.

அக்காள் கரிமுன்னிசா கவிதை எழுதும் ஆற்றல் பெற்றவர். அவர் வங்க நூல் படிப்பது தெரியவந்ததும் உறவினரின் கண்டனம் எழுந்தது, படிப்பு நிறுத்தப்பட்டது, இளவயதிலேயே திருமணமும் செய்து வைக்கப்பட்டது. ஆயினும் தங்கைக்கு வங்கமொழியின்மேல் ஆர்வம் ஊட்டியவர் அவரே. மூத்த அண்ணன் இப்ராகிம் சாபர் வேறொரு வழி கண்டார். வீட்டார் உறங்கிய பின் நள்ளிரவில் விளக்கேற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். பகலில் தூங்குவது போலவும் இரவில் விழித்திருப்பது போலவும் நாள்களைத் தலைகீழாக்கிப் பெற்ற கல்வி அது. பின்னாளில் 'பத்மராகம்' என்னும் தம் புதினத்தை ரொக்கேயா இவ்வண்ணனுக்கே காணிக்கையாக்கினார்.

1898ஆம் ஆண்டளவில் பீகாரின் பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த சையத் சகாவத் ஹுசைன் அவரை மணந்தார். மனைவியை இழந்தவர்; வயதில் பெரிதும் மூத்தவர்; உருது பேசுபவர்; இங்கிலாந்து சென்று வந்தவர். இத்தகைய திருமணத்தில் துயரத்தையே எதிர்பார்க்கும் நம் எண்ணத்தை இவர்தம் வாழ்க்கை பொய்யாக்குகிறது. மனைவி படிப்பதையும் எழுதுவதையும் சகாவத் ஹுசைன் விரும்பி வளர்த்தார். 1902ஆம் ஆண்டில் ரொக்கேயாவின் எழுத்து வங்க இதழில் அச்சேறியது. தொடர்ந்து வந்த கட்டுரைகள் வங்கத்தைக் கலக்கின. பெண்கள் விரும்பி அணியும் நகைகளை அடிமைச் சின்னங்களோடு ஒப்பிட்டு எழுதினார். கணவன் விண்மீன்களின் தொலைவை அளந்துகொண்டிருக்க, மனைவி தலையணை உறையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஒரு சக்கரம் பெரிதாகவும் மறு சக்கரம் சிறிதாகவும் உள்ள வண்டி முன்னேறாது, நின்ற இடத்தையே சுற்றிவரும் என்று விளக்கினார். எதிர்ப்பு வலுத்தது. அக்கட்டுரைகளுள் ஒன்று 'மோதிசூர்' என்னும் நூலில் இடம்பெற்றபோது கடுமையான சில பத்திகள் விடுபட்டே வெளிவந்தன. நேரடியாகச் சொன்னால் பத்திகள் போய்விடுகின்றன. வேறு எவ்வாறு சொல்வது என்னும் கேள்விக்குக் கதை விடையாக வந்தது.

கவிழ்ந்த உலகம்

கணவர் அலுவல் காரணமாகச் சுற்றுப்பயணம் சென்றிருந்த நாள்கள் அவை. தனிமையைப் போக்கிக்கொள்ள ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த சகாவத் ஹுசைன் தாள்களைக் கையில் எடுத்தவர், உட்காரவும் மறந்து நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தார். ஆண்களைப் பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டாய் என்பது அவர் கருத்து. சினத்தில் சொன்னதன்று, அக்கதையை வெளியிடத் தூண்டியவரும் அவரே. சென்னையில் கமலா சத்தியநாதன் என்னும் பெண்மணி 1901ஆம் ஆண்டு முதல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்திவந்தார். 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டில் அவ்விதழில் வெளியாயிற்று. வங்கத்துப் பெண் ஒருவரின் கனவு முதலில் அச்சுமை கண்டது சென்னையில்தான். 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அது தனிநூலாயிற்று.

கதை மிக எளிமையாகத் தொடங்குகிறது. ஒரு மாலையில் தன் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கிறாள் சுல்தானா. கண் அயர்ந்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. தோழி சாராவைப் போன்ற ஒருத்தி வந்து உலாவ அழைக்கிறாள். வெளியே வந்தால் விடிந்த காலைப்பொழுது. தெருவெங்கும் கூட்டம், ஆனால் ஓர் ஆடவனும் இல்லை. திரையின்றி நடக்கக் கூசி ஒதுங்கும் சுல்தானாவைக் கண்டு வழிப்போக்கர்களாகிய பெண்கள் சிரிக்கின்றனர். அவளிடம் ஆண்தன்மை மிகுந்திருக்கிறதாம். அந்நாட்டு வழக்கில் அச்சமும் நாணமும் ஆடவரின் இயல்புகள்! பெண்ணுக்குரியவை என்று அடுக்கிச் சொல்லிப் பழகிய குணங்கள் அனைத்தும் ஒரே சிரிப்பில் இடம் மாறிவிடுகின்றன.

ஆடவர் எங்கே என்று சுல்தானா கேட்கிறாள். இருக்க வேண்டிய இடத்தில், வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது சாராவின் விடை. இங்கிருந்துதான் கதையின் உண்மையான வலிமை தொடங்குகிறது. வெளியே பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, ஆதலால் உள்ளே இருக்கின்றனர் என்று சுல்தானா தன் நாட்டு வழக்கத்துக்குக் காரணம் சொல்கிறாள். அக்காரணத்தைச் சாரா மறுக்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். மனநோய் விடுதியிலிருந்து சிலர் தப்பி வந்து ஊரில் தீங்கு செய்தால் யாரை அடைத்து வைப்பீர்கள், தப்பி வந்தவர்களையா, ஊர் மக்களையா என்று கேட்கிறாள். தீங்கு செய்யக்கூடியவரை வெளியே விட்டுவிட்டுத் தீங்கறியாதவரை உள்ளே பூட்டுவது என்ன முறை என்கிறாள். ஆடவர் உடல்வலிமை மிக்கவர் என்று சுல்தானா எடுத்துரைக்க, சிங்கம் மனிதனைவிட வலிமையுடையது, அதனால் அது மனித குலத்தை ஆள்கிறதா என்னும் கேள்வி பிறக்கிறது. மூளையின் அளவைச் சொன்னால் யானை வந்து நிற்கிறது.

இவ்வுரையாடலைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பாத்திரங்களின் இடத்தை மட்டும் மாற்றி, ஆணுக்குச் சேலையும் பெண்ணுக்கு மீசையும் வைத்து நகைக்கும் கதைகள் பல உண்டு. அவை கூத்தில் வரும் வேடமாற்றத்தோடு முடிந்துவிடும். ரொக்கேயா ஆடையை மாற்றவில்லை. காரணத்தை எடுத்து மறுபக்கம் வைக்கிறார். பெண்களை அடைத்து வைக்கச் சொல்லப்பட்ட அதே காரணம் ஆண்களை அடைத்து வைக்கவும் சிறிதும் குறையாமல் பொருந்துகிறது. ஒரே காரணம் இரு பக்கத்துக்கும் பொருந்துமானால் அதனைக் காரணம் என்று எவ்வாறு கொள்வது? கதை இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. படிப்பவர் சிரித்து முடிக்கும்போது அது தானாக எழுகிறது. அங்கதத்தைத் தொல்காப்பியர் இரு வகையாகப் பகுப்பார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று, பழிப்பை மறைத்து வைப்பது மற்றொன்று. நகைகளைப் பற்றிய கட்டுரை முதல் வகை என்றால் சுல்தானாவின் கனவு இரண்டாம் வகையைச் சாரும்.

அப்பெண்ணாட்டில் அலுவலகப் பணிகள் நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. ஆடவர் ஏழு மணி நேரம் உழைக்கிறார்களே என்று சுல்தானா வியக்க, சாரா ஒரு கணக்குப் போடுகிறாள். ஒரு சுருட்டு எரிந்து முடிய அரைமணி. நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டுகள். ஆறு மணி நேரம் புகையாகிவிடுகிறது. எஞ்சியது எவ்வளவு என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். சமையலறை ஒரு காய்கறித் தோட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறது. அங்கே புகையும் இல்லை, கரியும் இல்லை. கதிரவனின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர். விருந்தாளியாகிய பெண் பார்க்க வருகிறாள் என்பதற்காக அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஆடவர் ஒதுங்கிப் போகுமாறு முன்னதாகவே சொல்லப்பட்டுவிட்டது. விருந்தினர் வரும்போது ஓடி ஒளிந்த பைராபந்துக் குழந்தையை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியாது.

இவ்வாட்சி எவ்வாறு வந்தது? அரசியார் பெண்கள் அனைவரும் கல்வி பெற வேண்டும் எனவும், 21 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் கூடாது எனவும் ஆணையிட்டார். பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று மேகத்திலிருந்து நீரைச் சேமிக்கும் வழி கண்டது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைத் தொகுக்கும் கருவி கண்டது. படைவலிமையைப் பெருக்குவதில் முனைந்திருந்த ஆடவர் இவற்றை எள்ளி நகையாடினர். பின்னர் அண்டை நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசியார் மறுக்கவே போர் மூண்டது. ஆடவர் வீரத்தில் குறைந்தவர் அல்லர் என்பதைக் கதை ஒப்புக்கொள்கிறது. பதினாறு வயதுச் சிறுவரும் போர்க்களம் சென்றனர். எனினும் தோல்வியே மிஞ்சியது. பகைவர் தலைநகரை நெருங்கினர். அப்போது பல்கலைக்கழகத் தலைவி ஒருவர் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். பெண்கள் வெளியே வர வேண்டுமாதலால் பர்தாவின் பொருட்டு ஆடவர் வீட்டுக்குள் செல்ல வேண்டும். களைத்திருந்த ஆடவர் மறுக்கவில்லை. தலைவி 2,000 மாணவியருடன் களம் சென்று, திரட்டிய கதிரொளியையும் வெப்பத்தையும் பகைவர்மேல் செலுத்தினார். பகைப்படை ஓடிற்று.

அதன்பின் நிகழ்வதே கதையின் கூர்மையான பகுதி. காவல் அதிகாரிகளும் நீதிபதிகளும் அரசியாருக்கு விண்ணப்பம் அனுப்பினர். தோற்றவர்கள் படைத்தலைவர்கள்; தங்கள் கடமையில் தாங்கள் தவறவில்லை; ஆதலால் பழைய பதவிகளைத் தர வேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள். தேவைப்படும்போது அழைக்கிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்ற கருத்தில் மறுமொழி சென்றது. ஆடவர் சிறிது காலம் முணுமுணுத்தனர். பிறகு பழகிவிட்டனர். பழகியபின் அந்த முறைக்கு 'மர்தானா' என்று பெயரும் அமைந்துவிட்டது. பெண்களின் உள்வீடு 'சனானா' எனப்படுவதற்கு எதிர்ச்சொல் அது. ஒடுக்கம் எவ்வாறு இயல்பு என்னும் பெயரைப் பெறுகிறது என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுக் கதை மேலே செல்கிறது.

இக்கதையில் குறை சொல்ல இடமில்லையா? உண்டு. பெண்ணாட்டில் ஓர் ஆடவனும் நேரில் வந்து பேசுவதில்லை. பெண் ஆண்டால் பேராசை இராது, பிறர் நிலத்தைக் கவரும் எண்ணம் இராது என்பதும் ஒரு வகையில் இன்னோர் அச்சே. உள்ளே அடைபட்ட ஆடவனுக்கு இழைக்கப்படுவதும் அநீதிதான். ஆனால் இக்குறைகளைச் சொல்லத் தொடங்கும் வாசகர் கதை விரித்த வலைக்குள் வந்துவிடுகிறார். ஆடவனை அடைத்தது அநீதி என்று சொல்லும் நாக்கு, அடுத்த சொல்லை எப்படி விழுங்கும்? இறுதியில் ஆகாய ஊர்தியிலிருந்து வழுக்கி விழும் சுல்தானா கண் விழிக்கிறாள். சாய்வு நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது.

திரைச்சீலை

கதையில் ஒரு பகலில் மாறிய உலகம் வாழ்க்கையில் மாற மறுத்தது. ரொக்கேயாவுக்குப் பிறந்த இரு பெண் குழந்தைகளும் மழலைப் பருவத்திலேயே இறந்தனர். நீரிழிவு நோயால் பார்வை இழந்த கணவர் 1909ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். பெண்கள் பள்ளி ஒன்று தொடங்குவதற்கென 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார் அவர். அவ்வாண்டின் அக்டோபரிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கிற்று. குடும்பத்தில் சொத்துப் பூசல் எழுந்ததால் ரொக்கேயா கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மறுபடியும் பிறந்தது. தலைமையாசிரியரோ, ஒரு நாளும் பள்ளிக்கூடத்து இருக்கையில் அமர்ந்து படித்திராதவர். வகுப்பு என்பது எவ்வாறு நடக்கும் என்பதைப் பிற பள்ளிகளுக்குச் சென்று பார்த்துக் கற்றுக்கொண்டார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடி மாணவியரைச் சேர்த்தார்.

பெண்கள் திரையின்றி உலாவும் நாட்டைப் படைத்தவர், பள்ளியின் வண்டிகளைத் திரையிட்டு மூடினார். தாமும் முக்காடு விலக்காமல் பொதுவில் தோன்றினார். திரை இல்லையென்றால் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கு மோட்டார் வண்டி வந்தபோது அதுவும் முற்றிலும் அடைக்கப்பட்டிருந்தது. முதல் நாளே இருளும் புழுக்கமும் தாங்காமல் சிறுமியர் சிலர் மயங்கினர், சிலர் வாந்தியெடுத்தனர். பெற்றோர் முறையிட்டனர். அடைப்புகளைத் திறந்து வண்ணத் திரைச்சீலை கட்டப்பட்டது. உடனே வேறு சிலரிடமிருந்து சினம் மிகுந்த கடிதங்கள் வந்தன. காற்றில் திரை பறக்கிறது, பர்தா கெடுகிறது, சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று அச்சுறுத்தின அவை. மூடினால் குழந்தை மயங்குகிறது. திறந்தால் பள்ளி மூடப்படும். இந்நிகழ்ச்சியை ரொக்கேயாவே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் இணங்கிப் போனார் என்று சொல்வாரும் உண்டு. எழுத்தில் இருந்த துணிவு செயலில் இல்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் திரையைக் கிழித்தெறிந்த தலைமையாசிரியரின் பள்ளியில் மாணவியர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரொக்கேயா வண்டியில் திரையைக் கட்டினார், எழுத்தில் அவிழ்த்தார். இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

1916ஆம் ஆண்டில் முஸ்லிம் பெண்களுக்கான சங்கம் ஒன்றை அமைத்து, எளிய குடும்பத்துப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவி செய்தார். 1924ஆம் ஆண்டில் 'பத்மராகம்' நூலாக வந்தது. அதில் தாரிணி பவனம் என்னும் இல்லத்தில் பல சமயப் பெண்கள் கூடி வாழ்ந்து, பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகின்றனர். நாயகி சித்திகாவை லத்தீப் உண்மையாகவே விரும்புகிறான். அவளுக்கும் அன்பு உண்டு. புதினத்தின் கடைசிப் பக்கம் திருமணத்தில் முடியும் என்றே அக்காலத்து வாசகர் காத்திருந்திருப்பர். சித்திகா மணம் செய்துகொள்ள மறுத்துத் தன் வழியில் செல்கிறாள். பெண்ணாட்டில் உலகமே கவிழ்ந்தது. இங்கே ஒரு நாயகியின் முடிவு மட்டும் கவிழ்கிறது. படிப்பவருக்கு இரண்டாவதே கடினமாக இருந்திருக்கும்.

1931ஆம் ஆண்டில் வெளியான 'அவரோதபாசினி'யில் கற்பனையே இல்லை. அடைபட்ட பெண்களைப் பற்றிய 47 நிகழ்ச்சிகளின் தொகுப்பு அது. தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியேற வந்த ஒரு பெண், தீயணைக்க வந்த ஆடவர் முற்றத்தில் நிற்பதைக் கண்டு மீண்டும் உள்ளே போய்க் கருகி இறக்கிறாள். இருப்புப் பாதையில் தவறி விழுந்த மற்றொருத்தியைத் தூக்கிவிட ஆடவர் முன்வர, அயலார் தொடக்கூடாது என்று பணிப்பெண் தடுக்கிறாள், வண்டி நகர்கிறது. ரொக்கேயா இவற்றை அங்கதமாக ஆக்கவில்லை. நடந்ததை நடந்தபடி குறுகிய பத்திகளில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். சாராவின் கேள்விகளுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருந்தன என்பது, கனவு வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து வாசகருக்கு விளங்கியது.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளில், ரொக்கேயா கல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 52. பெண்ணின் உரிமை பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை ஒன்று முற்றுப்பெறாமல் மேசைமேல் இருந்தது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். வங்காளதேசம் டிசம்பர் 9ஆம் நாளை ரொக்கேயா நாளாகக் கொண்டாடுகிறது; ரங்பூரில் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. எட்டு மாணவியருடன் வாடகை வீட்டில் தொடங்கிய சகாவத் நினைவுப் பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெற்று வருகிறது.